ஸ்கேனில் ஒரு ‘பொட்டு’... என்ன செய்யணும்?

கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் காரவள்ளியில்தான் ஆரம்பம். அங்கே மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தார் அந்த அம்மா. மடியில் தலைவைத்துத் தூங்கும் 14 வயது மகன். பக்கத்தில், மஞ்சள் பைக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது ஸ்கேன் கவர்.

“பையனுக்கு ரெண்டு தடவை ஃபிட்ஸ் வந்துடுச்சுங்க. டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி தலைய ஸ்கேன் எடுத்தோம். ‘மூளையில ஒரு பொட்டு தெரியுது. டி.பி.யா இருக்கலாம், புழுவாவும் இருக்கலாம். மாத்திரையப் போடு’ன்னாரு டாக்டரு. ‘மூளையில எப்படிங்க புழு வரும்?’னு கேட்டேன். ‘சொன்னா உனக்குப் புரியுமாம்மா? அடுத்த ஆள வரச் சொல்லு’ன்னுட்டாருங்க...” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

சொன்னால் புரியாத விஷயமா இது? இல்லவே இல்லை!

இந்தக் குழப்பம் ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களுக்கே இருந்தது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், ஃபிட்ஸ் வந்த பலரின் படத்தில் இப்படி ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. டி.பி. அதிகமுள்ள நாடாயிற்றே! ‘டி.பி. கட்டிதான்’ என்று மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மூளை அறுவை நிபுணர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் பொட்டையே எடுத்துப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவத்தால் வந்தவை! 1989-ல் இதை ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். இரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களை 1993-ல் வெளியிட்டார்கள்.

பொட்டு 20 மில்லிமீட்டருக்குள், விளிம்பு சீராக, மூளையை ஒருபக்கமாகத் தள்ளாமல் இருந்தால் அது புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரிதாக, கரடுமுரடாக இருந்து மூளையைத் தள்ளினால் டி.பி. கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு படத்தைப் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாதபோது, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். புழுவால் வந்த ஒற்றைப் பொட்டு பலருக்குத் தானாகவே சுருங்கி மறைந்துவிடும்.

ரிப்போர்ட்டின் கடைசியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று எழுதியிருக்கிறதா? பயப்படாதீர்கள். ‘நான் படத்தை மட்டும்தான் பார்த்தேன், நோயாளியைப் பார்க்கும் டாக்டர் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யட்டும்’ என்பதுதான் அதன் அர்த்தம்.

‘நாங்க பன்றிக்கறியே தொடறதில்லையே, புழு எப்படி?’ என்று கேட்பவர்கள் உண்டு. நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். கை, தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக அவை அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்தின் மூலம் மூளைக்கு! எனவே சுத்த சைவக்காரருக்கும் வரலாம். கழிப்பறையும் சோப்புமே முதல் மருந்து.

டாக்டர் அவசரப்படுகிறாரா? கோபப்படாமல், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் இவற்றைக் கேளுங்கள்:

* பொட்டு ஒன்றா, பலவா? எவ்வளவு பெரிசு?
* டி.பி. என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேறு டெஸ்ட் தேவையா?
* ஃபிட்ஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு?
* அடுத்த ஸ்கேன் எப்போது?

ஃபிட்ஸ் எப்படி ஆரம்பித்தது, எந்தக் கை இழுத்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பார்த்தவரே குறித்துவைத்துச் சொல்லட்டும். ஸ்கேன் படத்தைவிட டாக்டருக்கு அது சில சமயம் அதிகம் உதவும். அப்படியும் பதில் வரவில்லையா? ரிப்போர்ட்டை மட்டுமல்ல, ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு இன்னொரு நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. இது டாக்டரை அவமதிப்பதல்ல, உங்கள் உரிமை.

ஆனால் மூன்று விஷயம் கூடவே கூடாது. ஃபிட்ஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘புழுதானே’ என்று பூச்சி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளையில் புழு நிறைய இருந்தால், அவை சாகும்போது வீக்கம் கூடி ஆபத்தாகலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவியும் வாயில் ஸ்பூனும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் வலிப்பு நீடித்தாலோ, தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, கைகால் பலமிழந்தாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மலை பஸ் வந்துவிட்டது. கேள்விகளை எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து, ஸ்கேன் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார் அந்த அம்மா. “அடுத்த தடவை இதக் கேட்டுட்டுத்தானுங்க எந்திரிப்பேன்!”

அப்படித்தான் கேட்க வேண்டும்.