தேடலைச் சேமித்தல்: மின்னஞ்சலில் ஒரு நூலக முறை

துறைக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்பட்டுவிட்டால், சில மாதங்களிலேயே அதன் அஞ்சற்பெட்டி நிரம்பி வழிகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை, சிவகாசி அச்சகம் அனுப்பிய மெய்ப்பு, சூலக்கரையிலிருந்து வந்த மலருக்கான விளம்பர வாசகம், மாணவர் உதவித்தொகை அறிவிப்பு ஆகிய யாவும் ஒரே வரிசையில் வந்து விழுகின்றன. மற்றவை இரண்டு நாள் பிந்தினாலும் பெருங்கேடில்லை. உதவித்தொகை அறிவிப்பு கண்ணிற் படாமல் கடைசி நாள் கடந்துவிட்டாலோ, ஏழை மாணவர் ஒருவரின் படிப்பே தடைப்படக்கூடும்.

இதற்குத் தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் செயலி தரும் வழியே 'சேமித்த தேடல்'. 2004 டிசம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. அவுட்லுக் 2003இலும் இதனையொத்த ஏற்பாடு உண்டு.

நூலகம் பயின்றோர்க்கு இது புதிதன்று. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. நூல் ஓர் அடுக்கில்தான் நிற்கும்; ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை என எதன் வழியாகவும் அதனை அடையலாம். சேமித்த தேடலும் அத்தகைய அட்டையே. அஞ்சல் தன் இடம்விட்டுப் பெயர்வதில்லை. நாம் ஒருமுறை விதித்த நிபந்தனைக்குப் பொருந்தும் அஞ்சல்கள், இனி வரப்போவன உட்பட, அக்கோப்புறையைத் திறக்குந்தோறும் அங்கே தோன்றும்.

அமைக்கும் முறை எளிது. ஆல்ட் விசையை அழுத்தினால் மேலே பட்டியல் தோன்றும். அதில் ஃபைல், நியூ, சேவ்டு சர்ச் என வரிசையாகச் செல்க. பெயரிடுக, எந்தக் கோப்புறைகளில் தேடவேண்டும் என்பதைத் தேர்க, நிபந்தனைகளை எழுதுக. நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தவேண்டுமா, ஏதேனும் ஒன்று போதுமா என்பதையும் கூறவேண்டும். இரண்டையும் ஒரே தேடலில் கலக்க இயலாது. செய்த தேடல் எங்கே போயிற்று எனத் திகைப்போர், எந்தக் கோப்புறையின் கீழ் அதனை அமைத்தோம் என்று பார்த்தாற் போதும்.

தமிழ்த் துறைக்கு உரிய சிக்கல் நிபந்தனைச் சொல்லில்தான் இருக்கிறது. கணினி எழுத்துகளை வரிசையாக ஒப்பிடுமேயன்றிப் புணர்ச்சி விதி அறியாது. 'விண்ணப்பம்' எனத் தேடினால் 'விண்ணப்பத்தை' அகப்படாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டதே! 'விண்ணப்ப' என்று நிறுத்தினால் இரண்டும் வரும். 'விண்ணப்பிக்க' என்பதும் உடன் வரும். காரணம், யூனிகோடு முறையில் அகரம் ஏறிய மெய்யே அடிப்படைக் குறி. உயிர்க்குறியும் புள்ளியும் அதன் பின்னே தனியாக நிற்பன. ஆகவே 'மாநாட' எனத் தந்தால் 'மாநாடு', டகரம் இரட்டித்த 'மாநாட்டில்' ஆகிய இரண்டும் சிக்கும். 'உதவித்தொகை' என்பதைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகின்றனர். 'உதவித்' என்பது இருவகையையும் பற்றும். ஆங்கிலத் தலைப்புடன் வரும் அஞ்சலுக்காக ஸ்காலர்ஷிப் என்பதை ஆங்கில எழுத்தில் மற்றொரு வரியாகச் சேர்த்து, 'ஏதேனும் ஒன்று' என்பதைத் தேர்க. நன்னூல் கற்ற மாணவர் இவ்வேலையில் கணினி கற்றவருக்குப் பிற்படமாட்டார் என்றே கருதுகிறோம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் இவ்வலையில் அகப்படாது. அதன் உள்ளே இருப்பன தமிழ்க் குறிகளே அல்ல. இணைப்பாக வரும் பிடிஎஃப் கோப்பின் உள்ளடக்கத்தையும் இத்தேடல் படிப்பதில்லை. அறிவிப்பு முழுவதையும் இணைப்பில் வைத்துவிட்டுத் தலைப்பை வெறுமையாக விடும் அலுவலகங்கள் இன்றும் உள. அத்தகைய முகவரிகளை அனுப்புநர் நிபந்தனையாகச் சேர்ப்பதே வழி.

அட்டை உவமை ஓரிடத்தில் பொய்த்துவிடும். அட்டையைக் கிழித்தால் நூல் போகாது. சேமித்த தேடலுக்குள் தோன்றும் அஞ்சலை நீக்கினாலோ மூல அஞ்சலே நீங்கிவிடும். தேடற் கோப்புறையை முழுதாக நீக்கினால் அஞ்சல்களுக்கு ஊறில்லை. துறைக் கணினியில் மாணவரை அமர்த்துமுன் இவ்வேறுபாட்டை அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.