வெள்ளைப் பாணுக்குள் கொஞ்சம் குரக்கன்

விவசாயக் குடும்பம் ஒன்று இடம்பெயரும்போது அதன் சாப்பாடும் மாறிவிடுகின்றது. சொந்த வயலின் சிவப்புப் புழுங்கலரிசி, குரக்கன் பிட்டு, பயற்றங்கஞ்சி, வேலியில் நின்ற முருங்கையின் இலை என்று உண்டு வந்தவர்கள் கடைச் சாமானையும் நிவாரணத்தையும் எதிர்பார்க்க வேண்டியவர்களாகின்றனர். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்தும் வெளியேறிய மக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. போர்க்கால நிவாரணத்தில் கோதுமை மாவும் ஒரு முக்கிய பொருளாக இருந்தது. காலையில் ரொட்டி, இரவில் பிட்டு, முடிந்தபோது பாண் என்று அந்த வெள்ளை மா பல குடும்பங்களுக்குப் பழகிவிட்டது.

வெள்ளை மா கெட்ட உணவு அல்ல. பசியைத் தீர்க்கும், பிள்ளைகளும் விரும்பி உண்பர். ஆனால் கோதுமையின் தவிட்டை நீக்கிய பின்னர் கிடைப்பதே இந்த மா. தவிட்டோடு நார்ச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடுகின்றது. 100 கிராம் வெள்ளை மாவில் ஏறத்தாழ 3 கிராம் நாரே உண்டு. அதே அளவு குரக்கன் மாவில் ஏறத்தாழ 11 கிராம் உண்டு. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது.

நார் ஏன் வேண்டும்?

நார் குடலில் நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகின்றது. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் சீனி சட்டென ஏறுவதையும் தணிக்கின்றது. தோட்ட வேலை இல்லாமல் ஓரிடத்தில் இருந்து, தண்ணீரையும் அளந்து குடித்து, வெள்ளை மாவையே உண்பவருக்கு மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை. உகண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பேர்கிற், அங்குள்ள கிராம மக்களிடம் மலச்சிக்கலும் சில குடல் நோய்களும் அரிதாக இருந்ததற்கு அவர்களது நார் மிகுந்த உணவே காரணம் என்று 1970களில் எடுத்துரைத்தார். எமது பாட்டன் பாட்டியின் சாப்பாடும் அத்தகையதே.

பாண் கல்லாகாமல் இருக்க

குரக்கன் போட்டால் பாண் கல்லாகிவிடும் என்று தாய்மார் தயங்குவதுண்டு. அதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடும் பசை ஒன்று உண்டாகின்றது. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்துப் பாணைப் பொங்க வைப்பது அதுவே. குரக்கனில் அந்தப் பசை இல்லை. அத்தோடு நார் பிசையும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். ஆகவே இரண்டு விடயங்களைக் கவனித்தால் போதும். குரக்கன் நாலில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. அதனை முதலிலேயே கொதிநீரில் ஊற வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மா களியாகி நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பாணும் மெதுமையாக இருக்கும்.

தேவையானவை: கோதுமை மா 375 கிராம், குரக்கன் மா 125 கிராம், ஈஸ்ட் 2 தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தேங்காயெண்ணெய் 1 மேசைக்கரண்டி.

1. குரக்கன் மாவில் 200 மில்லிலீற்றர் கொதிநீர் விட்டுக் கிளறி, மூடி, ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது செத்துவிடும்.

2. 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் சீனியையும் ஈஸ்ட்டையும் கரைத்து, நுரைக்கும் வரை வையுங்கள்.

3. எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மா கையில் சற்று ஒட்டும் பதம் சரியானது. இறுகினால் ஒரு கரண்டி நீர் தெளியுங்கள். உலர்ந்த மாவை மேலும் சேர்க்க வேண்டாம்.

4. ஈரத்துணியால் மூடி, இருமடங்காகப் பொங்க விடுங்கள். எண்ணெய் பூசிய தகரத்தில் இட்டு மீண்டும் அரை மணி நேரம் வையுங்கள்.

5. போறணை இல்லாதவர்கள் தடித்த பெரிய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, மூடி, நன்றாகச் சூடேற்றுங்கள். தகரத்தை மணலின் மேல் வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் இடுங்கள். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் வேகும். ஈர்க்கு ஒன்றால் குத்திப் பார்த்தால் மா ஒட்டக் கூடாது. கிடுகுக் கொட்டிலுக்குள் இதனைச் செய்யாதீர்கள். வெளியே, பிள்ளைகள் நடமாடாத இடத்தில் செய்யுங்கள்.

வெள்ளை மா 500 கிராமில் சுட்ட பாணில் ஏறத்தாழ 13 கிராம் நார் இருக்கும். இந்தப் பாணில் ஏறத்தாழ 24 கிராம் இருக்கும். இதனோடு பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், அவித்த பயறு ஆகியவற்றில் ஒன்றை உண்டால் குறை மேலும் நிரம்பும். ஈஸ்ட் இல்லாத நாளில் இதே அளவில் தேங்காய்ப்பூவும் சேர்த்து ரொட்டி சுடலாம். பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறிய வேண்டாம். அதிலும் நார் உண்டு.

கவனிக்க வேண்டியவை

- நாரைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்டிக் குடிக்க வேண்டும். இல்லாவிடில் மலம் மேலும் இறுகும். கொதித்தாறிய நீரே நல்லது.
- பழக்கமில்லாதவர்கள் எட்டில் ஒரு பங்கு குரக்கனோடு தொடங்குங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும்.
- ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிறு சிறியது. நார் மிகுந்தால் போதிய உணவு செல்லுமுன் வயிறு நிறைந்துவிடும். அவர்களுக்குச் சிறிதளவே போதும்.
- நீரிழிவு உள்ளவர்கள் குரக்கன் பாண் என்று எண்ணிக் கூடுதலாக உண்ணக் கூடாது. அதிலும் மாச்சத்து உண்டு. மருந்தையும் நிறுத்தக் கூடாது.
- நெல் ஆலைத் தவிட்டைப் பாணில் சேர்க்காதீர்கள். அதில் உமியும் மணலும் கலந்திருக்கலாம், விரைவில் காறிப்போகும். அது கோழிக்கும் மாட்டுக்கும் உரியது.

நாமே விதைக்கலாம்

குரக்கன் பெரிய வயல் கேட்கும் பயிர் அல்ல. காலபோக மழையை நம்பி மேட்டுநிலத்தில் விதைத்தால் மூன்று நான்கு மாதங்களில் கதிர் அறுக்கலாம். காய வைத்துப் பத்திரப்படுத்திய தானியத்தைப் பூச்சி எளிதில் தாக்குவதில்லை. நீண்ட காலம் இருக்கும். அரைக்குமுன் நன்றாகக் கழுவி, மணல் அரித்து, காய வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாள் எம் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கொட்டிலின் பக்கத்தில் ஒரு பாத்தி குரக்கனும் ஒரு முருங்கைத் தடியும் நடுவது எம்மால் முடியும். கடை மா மூன்று பங்கும் எமது தானியம் ஒரு பங்குமாக இந்த வாரமே ஒரு பாண் சுட்டுப் பாருங்கள்.