பவளக் கடலும் தூண்டிற்காரரும்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையை அடுத்து, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பவளத்திட்டுகள் பரந்து கிடக்கின்றன. விடுமுறை நாள்களில் அங்குள்ளோர் படகேறிச் சென்று தூண்டிலிட்டு மகிழ்வர். தந்தை மைந்தனுக்குக் கற்பிக்கும் கலைகளுள் அதுவும் ஒன்று.

1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இக்கடலைக் காக்கும் பணி தொடங்கிற்று. எனினும் மீன்பிடித்தல் அறவே விலக்கப்பட்ட பரப்பு, 2004 வரை 5 விழுக்காட்டிற்கும் குறைவே. அவ்வாண்டில் அஃது ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தூண்டிற்காரர் பலர் மனங்கொதித்தனர். பெருவலை வீசுவோரைத் தடுப்பது தகும். ஒற்றைக் கோல் பிடித்தவன் கடலை வெறுமையாக்குவானோ என்று வினவினர்.

வினா நேரியதே. ஆயின் கோல்கள் பல்லாயிரம். ஒவ்வொருவரும் நாடுவதோ பெரிய மீனை. பெருமீன் ஒன்று இடும் முட்டைகளோ சிறுமீன்கள் பல சேர்ந்து இடுவனவற்றினும் மிகுதி. ஆதலின் அது பிடிபடுங்கால் ஒரு தலைமுறையே குன்றுகிறது.

இதனாற் கடல் முழுவதும் அடைக்கப்படவில்லை. கடற்படத்தில் பச்சை தீட்டிய இடத்தில் தூண்டிலிடலாகாது. மஞ்சள் இடத்தில் ஒருவர்க்கு ஒரு தூண்டில், ஒரு முள். நீல இடங்களில் அதனினும் தளர்வு உண்டு.

கெப்பல் தீவுகளில் களவா, செப்பிலி இனங்களைச் சார்ந்த இருவகை மீன்களின் குஞ்சுகளை அறிஞர் ஆராய்ந்து, மரபணுவால் அவற்றின் பெற்றோரைக் கண்டறிந்தனர். அம்முடிவு 2012-இல் வெளிவந்தது. அங்குக் காக்கப்பட்ட பகுதி திட்டுப் பரப்பில் 28 விழுக்காடே. ஆயினும் 30 கிலோமீட்டர் வட்டாரத்தில் வந்து தங்கிய குஞ்சுகளுள் ஏறத்தாழப் பாதி அப்பகுதி மீன்கள் ஈன்றவை. பச்சை எல்லைக்கு அப்பால் தூண்டிலிடுவோன் கூடையிலும் அவற்றுட் சில வந்து விழும்.