நட்டு எவ்வளவு இறுக வேண்டும்?

போன மார்கழியில் மருமகன் காரில் குடும்பத்தோடு சேவாகிராம் போய்விட்டு நாக்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டின பிறகு வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. சக்கரத்து நட்டுதான் அசையவில்லை. மாப்பிள்ளை ஸ்பானர்மேல் ஏறி நின்று மிதித்தார். மூன்று கழன்றன, நான்காவது போல்ட்டோடு ஒடிந்தே வந்துவிட்டது. கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றோம்.

"நல்லா டைட்டாத்தானே மாமா மாட்டிக் கொடுத்தாங்க?" என்றார்.

"அதுதான் மாப்பிள்ளை கோளாறு" என்றேன்.

போல்ட் பார்வைக்கு விறைப்பான இரும்பு. உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகும்போது அது மயிரிழை நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுக்கம் குறைந்தால் பாகங்கள் நழுவி, அதிர்வில் நட்டு தானே கழலும். மிஞ்சினால் போல்ட் மீள முடியாதபடி நீண்டு, மரை கெட்டு, ஒருநாள் ஒடியும்.

நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. மீதிதான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே பலத்துக்குப் போல்ட் கூடுதலாக நீளும். ஆகவே சக்கரத்து மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம்.

ரயில்வேயில் இந்தப் பாடத்தைத் தண்டவாள இணைப்பில் கற்றேன். இரு தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் என்ற தகடுகளும் போல்ட்டுகளும் சேர்க்கின்றன. 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் நீள இடமில்லாமல் கோடையில் பாதையே பக்கவாட்டில் வளையலாம். தளர்ந்திருந்தாலோ சக்கரங்கள் முனைகளை அடித்து நசுக்கும். அதனால்தான் அங்கே ஸ்பானரின் நீளத்துக்கே ஓர் அளவு உண்டு. உள் போல்ட்டுகள் முதலில், வெளி போல்ட்டுகள் பிறகு என்று வரிசையும் உண்டு. புதிதில் ஸ்பானரில் குழாயைச் சொருகி இறுக்கப்போய், இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

சரி, காருக்கு எவ்வளவு? இறுக்கத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். பல சிறிய கார்களுக்கு இது 100-ஐ ஒட்டி இருக்கும். அரை மீட்டர் பிடியின் முனையில் 20 கிலோ பலத்தோடு இழுத்தாலே இது வந்துவிடும். 70 கிலோ ஆள் அதே முனையில் ஏறி நின்றால் 340-ஐத் தாண்டும். மூன்று மடங்குக்கு மேல்! துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையத்தின் சிறு திருகுக்கோ சுமார் 2 போதும். மிஞ்சினால் குழாய் நசுங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் அளவு.

எனவே, காரோடு வரும் கையேட்டில் உங்கள் வண்டிக்கான எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். சக்கரம் மாட்டும் கடையில் டார்க் ரெஞ்ச் என்ற அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்கச் சொல்லுங்கள். நட்டுகளைச் சுற்றுவரிசையில் அல்லாமல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன், வண்டியில் இருக்கும் ஸ்பானரால் வீட்டு வாசலிலேயே ஒரு நட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மாப்பிள்ளை இப்போது ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் இரவல் கேட்டு வருகிறார்கள்.