கழலையும் புற்றும்

சில வருடங்களுக்கு முன்னர், இங்கு ஜேர்மனியில், ஊரவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவருக்குத் தோளின் பின்புறத்தில் தேசிக்காயளவில் ஒரு கட்டி. ஸ்கான் படத்தைப் பார்த்த வைத்தியர் 'துமோர்' என்று தொடங்கினார். நான் யோசியாமல் 'புற்றுநோய்' என்றேன்.

"தம்பி, பிள்ளையளுக்கு இப்ப சொல்ல வேண்டாம்" என்றார் அவர்.

வைத்தியர் அடுத்து 'குட்ஆர்ட்டிக்' என்றபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே திருத்தினேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே அவர் நினைத்தார்.

துமோர் என்றால் இலத்தீனில் வீக்கம், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்பதை அடுத்த சொல்தான் தீர்மானிக்கிறது. 'குட்ஆர்ட்டிக்' என்பது நற்குணமுடையது. நம்மிடமோ 'கழலை' என்றொரு பழைய சொல் இருந்தும், அதைப் பாட்டிமாரோடு அனுப்பிவிட்டோம்.

அவருக்கிருந்தது லிப்போமா, கொழுப்புக் கழலை. உடலுறுப்புகளைத் தாங்கியும் பிணைத்தும் நிற்கும் தொடுப்பிழையத்தின் ஒரு வகைதான் கொழுப்பிழையம். இக்கழலையின் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சாதாரண கொழுப்புக் கலங்களிலிருந்து பிரித்தறிவது கடினம். பெரும்பாலும் மெல்லிய உறைக்குள் இருப்பதால் தொட்டால் மெதுவாக, விரலுக்கடியில் வழுக்கி நகரும். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் காணப்படும். பலவற்றில் 12ஆவது நிறமூர்த்தத்தில், எச்.எம்.ஜி.ஏ.2 என்ற பரம்பரையலகு உள்ள பகுதியில் மாற்றம் காணப்படுகிறது. ஆகவே எண்ணெய்ச் சாப்பாட்டின் மீது பழிபோடுவதில் பொருளில்லை. மெலிந்தாலும் இது கரையாது. உடல் வற்றியவரிடத்தும் கழலை அப்படியே நிற்கும்.

'நோகாவிட்டால் பயமில்லை' என்ற நம் நம்பிக்கைதான் ஆபத்தானது. லிப்போமா பெரும்பாலும் நோவதில்லை என்பது சரி. ஆனால் கொழுப்பிழையப் புற்றான லிப்போசார்கோமாவும் பலருக்கு நோவதில்லை. மாறாக, குருதிக்கலன் நிறைந்த ஆஞ்சியோலிப்போமா தீங்கற்றது, ஆனால் நோகும். 5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது, விரைவாக வளர்வது, தசைக்கடியில் ஆழமாக இருப்பது, வெட்டியபின் திரும்ப வருவது: இவற்றைத் தாமதியாமல் காட்டவேண்டும். லிப்போமா புற்றாக மாறுவது மிக மிக அரிது. சிக்கல் என்னவென்றால், நன்கு முதிர்ந்த கலங்களாலான லிப்போசார்கோமாவும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். அப்போது எம்.டி.எம்.2 என்ற பரம்பரையலகு பெருகியுள்ளதா என்று சோதிப்பார்கள்.

நல்லது, கெட்டது என்ற இரண்டு பெட்டியும் போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இடைநிலை ஒன்றும் உண்டு. டெஸ்மொயிட் என்ற நார்க் கட்டி தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் அயலிழையங்களுக்குள் ஊடுருவும், வெட்டினாலும் மீளும். இப்போது பல வைத்தியர்கள் உடனே வெட்டாமல் முதலில் கண்காணிக்கிறார்கள். அதனை நோயாளியிடம் 'தீங்கற்றது' என்று மொழிபெயர்த்தால் அதுவும் பொய்தான். இதற்கொரு நல்ல தமிழ்ச்சொல் வைத்திருப்போர் எழுதுங்கள்.

அவர் சத்திரசிகிச்சை வேண்டாமென்று விட்டுவிட்டார். போன மாதம் தொலைபேசியில் கேட்டேன்.

"அது அங்கையே கிடக்கு தம்பி. சேட்டுப் போடேக்கை மட்டும் ஞாபகம் வரும்."