உங்களுக்குத் தெரியுமா? சட்டைப்பைக்குள் ஒரு டிஜிட்டல் டைரி

● முகவரி, போன் நம்பர், பிறந்தநாள், நாளைய சந்திப்பு, இந்த மாதச் செலவு என எல்லாவற்றையும் உள்ளங்கையில் அடக்கிய கருவிகள், ஸ்மார்ட்போனுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. லண்டனின் சையான் நிறுவனம் 1984-இல் விற்ற ‘ஆர்கனைசர்’ அவற்றில் ஒரு முன்னோடி. திரையில் ஒரே ஒரு வரி. அதில் 16 எழுத்துகள். விலை 99 பவுண்டு.

● அந்த ஆர்கனைசரில் எழுதுவது சுலபம், அழிப்பதுதான் பெரும்பாடு. பதிவுகள் ‘டேட்டாபேக்’ என்ற சிறு செருகுபெட்டியில் ஏறும். ஒரு நம்பரை நீக்கினால் பட்டியலிலிருந்து மறையுமே தவிர, அது பிடித்திருந்த இடம் காலியாகாது. பெட்டி நிரம்பியதும் அதைக் கழற்றிப் புற ஊதா விளக்கின் கீழே வைத்து, உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்த பிறகுதான் மறுபடி எழுத முடியும். தொல்லைதான். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் டேட்டாபேக்கில் ஏறியது அப்படியே இருக்கும். பின்னால் வந்த, இதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளில்கூட இந்த உத்தரவாதம் கிடையாது.

● 1990-களில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டியில் கேசியோ டிஜிட்டல் டைரிக்குத் தனி இடம் உண்டு. அதைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு வகை பட்டன் பேட்டரி இருக்கும். ஒன்று கருவியை இயக்க. மற்றொன்று நினைவகத்தைக் காப்பாற்ற. முதலாவதை மாற்றும் நேரத்தில் இரண்டாவது உள்ளிருப்பதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதை மாற்றும்போது முதலாவது. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால் சேர்த்து வைத்த நம்பர் ஒன்றுகூட மிஞ்சாது. கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும். ஆனால் பேட்டரி மாற்றுகிற கடைக்காரர் கையேட்டைப் பார்ப்பதில்லையே!

● அதே டைரியில் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் ரகசியப் பகுதி ஒன்றும் உண்டு. கடவுச்சொல் மறந்துபோனால் அதைத் திறக்க வழியில்லை. கருவியை ரீசெட் செய்து, ரகசியமானது, ரகசியமல்லாதது எல்லாவற்றையும் சேர்த்தே இழக்க வேண்டும்.

● இந்தக் கருவிகளில் பல, பெயரை ‘குடும்பப் பெயர்’, ‘சொந்தப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களாகக் கேட்டன. நமக்கோ இனிஷியல்தான் வழக்கம். கே. முருகேசனை ஒருநாள் ‘கே’யில் ஏற்றுவோம், இன்னொருநாள் ‘எம்’மில் ஏற்றுவோம்; அவசரத்துக்குத் தேடும்போது இரண்டிலும் பழைய நம்பர்தான் கிடைக்கும். போதாததற்குத் தமிழில் எழுத வழியில்லை. எழிலரசியை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், வீட்டில் இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். காகித டைரியில் பக்கத்தைப் புரட்டினால் கண்ணில் படும். இயந்திரத்துக்கு ஓர் எழுத்து மாறினாலும் ஆள் வேறு. இன்றைய போனிலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. பெயரை முன்னே, இனிஷியலைப் பின்னே என்று ஒரே முறையை வைத்துக்கொள்வதுதான் இதற்கு நான் கண்ட நல்ல வழி.

● ஆப்பிளின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லி 1992 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ‘கையடக்க டிஜிட்டல் உதவியாளர்’ என்ற புதிய வகைக் கருவி வரப்போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘நியூட்டன்’ வந்தது. விலை 699 டாலர். மாஸ்கோவில் தொடங்கிய பாராகிராஃப் நிறுவனத்தின் மென்பொருள்தான் அதன் கையெழுத்து வாசிப்புக்கு அடிப்படை. எழுதுவது ஒன்று, திரையில் வருவது வேறு என்றாகி, பத்திரிகைக் கார்ட்டூன்கள் வரை கேலி போயிற்று. 1996-இல் வந்த திருத்திய பதிப்பு எழுத்துகளை நன்றாகவே வாசித்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் நியூட்டனை நிறுத்தியது.

● நியூட்டனுக்காக ஆப்பிள் போட்ட முதலீடு வீண்போகவில்லை. 1990-இல் கேம்பிரிட்ஜில் ஆர்ம் என்ற சிப் வடிவமைப்பு நிறுவனம் உருவானபோது அதில் ஆப்பிளும் ஒரு பங்குதாரர். இன்று உலகின் ஸ்மார்ட்போன்கள் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் வடிவமைப்பில்தான் ஓடுகின்றன.

● பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன் சட்டைப்பை அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டார். எழுதுகோலுக்குச் சீவிய சாப்ஸ்டிக் குச்சி. யாராவது “அடுத்த வாரம் பார்க்கலாமா?” என்றால் கட்டையை வெளியே எடுத்து, அதில் திரை இருப்பதாகப் பாவித்துக் குச்சியால் தட்டுவார். ஒரு வேலைக்கு எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது, பையில் இது உறுத்துகிறதா என்பதையெல்லாம் இப்படித்தான் தெரிந்துகொண்டார். அந்த மரக்கட்டை இன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை விடலாம் என்று யோசித்த மனிதர் அவர். 1996-இல் 299 டாலருக்கு வந்த பாம் ‘பைலட்’டில் முக்கியமாக நான்கே வேலைகள்: நாள்காட்டி, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு. நினைவகம் 128 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதில் ஏறாது. ஒன்றரை ஆண்டில் பத்து லட்சம் கருவிகள் விற்றன.

● நம் கையெழுத்தை இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நியூட்டன் நினைத்தது. இயந்திரத்துக்குப் புரியும் எழுத்தை நாம் கற்றுக்கொள்ளலாமே என்று பாம் கேட்டது. ‘கிராஃபிட்டி’ என்ற அந்த முறையில் அநேகமாக ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இழுப்பு. ஆங்கில ‘ஏ’வுக்கு நடுக்கோடு கிடையாது. ‘டி’க்குக் குறுக்கே கோடிழுத்து, கையை எடுக்காமல் கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் பழகினால் கை தானாக ஓடும். ஜெராக்ஸ் நிறுவனம் இது தன் காப்புரிமை என்று 1997-இல் வழக்குப் போட்டது. 2006-இல் 2.25 கோடி டாலர் கொடுத்து விஷயம் முடிந்தது.

● பைலட்டுக்கு இரண்டு சிறிய டிரிப்பிள் ஏ பேட்டரி போதும், வாரக்கணக்கில் ஓடும். இன்று இரவுதோறும் சார்ஜரைத் தேடுகிற நமக்கு இது நம்ப முடியாத வசதி. ஆனால் பேட்டரி மாற்ற ஒரு நிமிடம்தான் அவகாசம். அதைத் தாண்டினால் நினைவகம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடலாம். 2000-இல் வந்த காம்பாக் ‘ஐபேக்’ வண்ணத்திரையோடு பார்க்க அழகாக இருந்தது. அதை விடுமுறையில் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சார்ஜ் முழுக்கத் தீர்ந்திருக்கும். குறிப்புகளும் அதோடு போயிருக்கும். மின்சாரம் இல்லாவிட்டாலும் தரவு நிற்கும் நினைவகம், பாம், விண்டோஸ் வகைக் கருவிகளுக்கு 2004, 2005 வாக்கில்தான் வந்தது. அத்தனை ஆண்டுகளும் மக்கள் தங்கள் தொடர்புகளையெல்லாம் இரண்டு பேட்டரியை நம்பித்தான் வைத்திருந்தார்கள்.

● அந்த நம்பிக்கைக்குக் காவல், கணினியோடு இணைத்து நகல் எடுப்பது. பாம் கருவியை அதன் தொட்டிலில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும்: கருவியில் எழுதியது கணினிக்கும், கணினியில் எழுதியது கருவிக்கும் போய்ச் சேரும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘கணினியில் இருப்பதைக் கருவியின் மேல் எழுது’ என்று அமைப்பு மாறியிருந்தால், பழைய பட்டியல் வந்து புதியதை விழுங்கிவிடும். நகல் எடுப்பதோடு, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று ஒருமுறை பார்ப்பதும் அவசியம். இன்றைய கிளவுட் கணக்குகளுக்கும் இது பொருந்தும்.

● எழுதி வைத்தால் மனம் லேசாகிறது என்பது ஆராய்ச்சியிலும் தெரியவந்த விஷயம். பெஞ்சமின் ஸ்டார்ம், ஷான் ஸ்டோன் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோப்பைக் கணினியில் சேமித்துவிட்டு அடுத்த கோப்பைப் படித்தவர்கள், சேமிக்காமல் படித்தவர்களைவிட அந்த இரண்டாவது கோப்பை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சேமிப்பு நம்பகமானதல்ல என்ற நிலை வந்ததும் அந்தப் பலன் மறைந்துவிட்டது. கையடக்க டைரியின் நன்மை தீமை எல்லாமே எனக்கு இந்த ஓர் ஆய்வில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அதை நம்ப முடிந்தால் மட்டுமே அது உதவி. நம்ப முடியாவிட்டால் தலையிலும் சுமந்து, கையிலும் சுமக்க வேண்டியிருக்கும்.

● மறுபக்கமும் உண்டு. கணினி சேமித்து வைத்திருக்கும் என்று நம்பியவர்களுக்கு அந்தச் செய்தி குறைவாகவே நினைவில் நின்றது என்று பெட்ஸி ஸ்பாரோ குழு 2011-இல் காட்டியது. வீட்டார் நம்பர் நமக்கு மனப்பாடமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

● மருத்துவர்களுக்குக் கையடக்கக் கருவி பெரிய உதவியாக இருந்தது. 1990-களின் இறுதியில் தொடங்கிய ‘எபோக்ரட்டீஸ்’ மருந்துப் பட்டியலை அமெரிக்க மருத்துவர்கள் பாம் கருவியில் ஏற்றிக்கொண்டார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்றபடியே, இந்த மருந்தோடு அந்த மருந்து சேருமா, அளவு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். தடித்த புத்தகத்தைத் தேடி அறைக்குப் போகத் தேவையில்லை.

● அரசு வேலையில் இந்தக் கருவிகள் கைகொடுத்ததும் உண்டு, கைவிட்டதும் உண்டு. பிரேசில் 2007-இல் வேளாண் கணக்கெடுப்பை 80,000-க்கும் மேற்பட்ட கையடக்கக் கருவிகளைக் கொண்டு நடத்தியது. அமெரிக்கா 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவீடாகப் போகிறவர்களுக்கும் கருவி தருவதாகத் திட்டமிட்டது. தேவைகள் மாறிக்கொண்டே போயின, செலவும் ஏறியது. 2008 ஏப்ரலில் திட்டத்தைச் சுருக்கி, முகவரி சரிபார்ப்புக்கு மட்டும் கருவியை வைத்துக்கொண்டு, கேள்வித்தாளுக்குத் திரும்பினார்கள். காகிதத்தை ஒதுக்கும் முன் கருவியைக் களத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் இல்லை.

● நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். லினக்ஸில் ஓடும், இந்திய மொழியில் எழுத்தை வாசித்துக் காட்டும். முக்கியமாக ஸ்மார்ட் கார்டு செருகலாம். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை. அவரவர் விவரம் அவரவர் அட்டையில். சொந்தமாகக் கருவி வாங்க முடியாதவரையும் மனதில் வைத்துச் செய்த வடிவமைப்பு இது. இன்று நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கூட்டுடன் ‘அமிடா’ என்ற பெயரில் சுமார் 10,000 முதல் 20,000 ரூபாய் விலையில் வந்தது. அதற்குள் மலிவு விலை செல்போன் பரவத் தொடங்கியிருந்தது. எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் விற்றது.

● பாம் கருவியில் ‘தனிப்பட்டது’ என்று குறித்த பதிவு, திரையில் மறைந்திருக்கும்; அவ்வளவுதான். கடவுச்சொல்லையே எளிதாக மீட்டெடுக்கலாம் என்று 2000 செப்டம்பரில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஏடிஎம் எண்ணை அதில் எழுதி வைத்து நிம்மதியாக இருந்தவர்கள் ஏராளம்.

● 2000 மார்ச் 2. பாம் பங்கு முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. 38 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 95 டாலரைத் தாண்டி முடிந்தது. அதன் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த தாய் நிறுவனம் த்ரீகாமின் மொத்த மதிப்பைவிடப் பாமின் மதிப்பு அதிகம்! பத்தே ஆண்டில், 2010-இல், ஹெச்பி அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது.

● பழைய பாமில் சந்திப்புகளுக்கு நேர மண்டலம் கிடையாது. சென்னையில் இருந்துகொண்டு ‘சிங்கப்பூர், காலை 10’ என்று எழுதினால், அங்கே இறங்கி கடிகாரத்தை மாற்றிய பின்னும் அது காலை 10-தான். இன்றைய போனில் மண்டலத்தைக் குறிக்காமல் எழுதினால், இறங்கியதும் அது பகல் 12.30 ஆகிவிடும். வெளியூர்ப் பயணத்துக்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

● அந்தக் கருவிகளின் மிகப் பெரிய நன்மையை அப்போது யாரும் விளம்பரப்படுத்தவில்லை. அதில் நாம் எழுதியது மட்டுமே இருந்தது. ஒரு நம்பரைப் பார்க்கத் திறந்தால் நம்பரைப் பார்த்துவிட்டு மூடுவோம். இன்று அதே நம்பரைத் தேடிப் போனைத் திறக்கிறோம். அதற்குள் மூன்று செய்திகள் வந்து நிற்கின்றன. கால் மணி நேரம் கழித்து, எதற்கு எடுத்தோம் என்பதே நினைவில்லை. எல்லாம் ஒரே கருவியில் சேர்ந்ததால் கிடைத்த வசதி பெரியதுதான். கவனச் சிதறலைப் பொறுத்தவரை பழைய டைரியே மேல் என்று சொல்வேன்.

● வீட்டுப் பரணில் அப்பாவின் டிஜிட்டல் டைரி கிடந்தால், பேட்டரியை உருவிவிடாதீர்கள். இன்னும் திரை எரிகிறதென்றால், முதலில் ஒரு நோட்டில் ஒவ்வொரு பதிவாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அது கசிந்து தகட்டை அரிக்கும். பாம் கருவியை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், பவர் பட்டனை அழுத்தியபடி பின்பக்கத் துளையில் ஊசி முனையால் ரீசெட் செய்து, கேட்கும் கேள்விக்கு மேல்நோக்கிய பட்டனை அழுத்துங்கள்; எல்லாம் அழிந்துவிடும்.

● பாம் நாள்காட்டி 1904-இல் தொடங்கி 2031-இல் முடிகிறது. ஆனால் அக்காலத்து முகவரி வடிவம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. 1990-களின் நடுவில் உருவான ‘விகார்டு’ அது. 1998-இல் பாம் கருவிகள் அகச்சிவப்புக் கதிரால் விசிட்டிங் கார்டு பரிமாறிக்கொண்டது இந்த வடிவத்தில்தான். உங்கள் போனில் தொடர்புகள் பகுதியில் ‘எக்ஸ்போர்ட்’ என்றிருப்பதைத் தட்டினால் இன்றும் அதே வகைக் கோப்புதான் கிடைக்கும். அதை இன்றைக்கே எடுத்து, போனுக்கு வெளியே ஓர் இடத்தில் சேமித்து வையுங்கள். கூடவே வீட்டார், மருத்துவர், பக்கத்து வீடு என ஐந்து நம்பர்களை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.