எதை முதலில் பார்ப்பது? சதுரங்க நிரலில் நகர்வு வரிசை

மாணவர்களே, 2024 டிசம்பர் 12 அன்று நம்ம செந்தோசாவில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உலகச் சதுரங்கப் போட்டியின் 14வது ஆட்டம். 55வது நகர்வில் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அது பெரிய தவறு. சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளர் ஆனார். கணினி நிரல் ஒன்று இந்தத் தவறைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டிவிடும். எப்படி?

கத்தரிக்காய்ப் பை

தேக்கா சந்தையில் நல்ல பை ஒன்றை எடுத்து வைத்துவிட்டீர்கள். அடுத்த பையைப் பார்க்கிறீர்கள். மேலேயே ஒரு சொத்தைக் காய்! உடனே, “இது வேணாம்” என்று வைத்துவிடுவோம். மிச்சக் காய்களை யாரும் எண்ணுவதில்லை. சொத்தை அடியில் கிடந்தால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டியிருக்கும்.

பை என்பது நம் நகர்வு. காய்கள் எதிராளியின் பதில்கள். ஒரு பதில் நம்மைக் கவிழ்த்தாலே போதும், அந்த நகர்வை ஒதுக்கிவிடலாம். இதுதான் ஆல்பா-பீட்டா முறை.

எவ்வளவு மிச்சம்?

ஒவ்வொரு நிலையிலும் 30 நகர்வுகள், ஆழம் 4 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பார்த்தால் 810,000 இறுதி நிலைகள். மிகச் சிறந்த வரிசையில் பார்த்தால் 1,799 போதும். விடை மாறாது, நேரம்தான் குறையும்.

வரிசைப்படுத்தும் முறை

1. முந்தைய, ஆழம் குறைந்த தேடலில் சிறந்ததாகத் தெரிந்த நகர்வு.
2. காய் வெட்டும் நகர்வுகள். சிறிய காயால் பெரிய காயை வெட்டுவது முதலில் வரும்.
3. ‘கில்லர்’ நகர்வு: இதே ஆழத்தில் வேறொரு கிளையை ஒதுக்க உதவிய, வெட்டு இல்லாத நகர்வு.
4. வரலாற்று அட்டவணை: அடிக்கடி பலன் தந்த நகர்வுக்கு அதிக மதிப்பெண். ஜொனதன் ஷேஃபர் 1983இல் முன்வைத்தது.

செந்தோசா ஆட்டத்துக்கே வருவோம். டிங்கின் தவறுக்குப் பின் வந்த ஐந்து நகர்வுகளில் நான்கு வெட்டுகள். யானைக்கு யானை போனது, மந்திரிக்கு மந்திரி போனது. நடுவில் குகேஷ் மந்திரியை டி5 கட்டத்துக்கு நகர்த்தியது மட்டும் வெட்டு இல்லை. அதனால் 2வது விதி மட்டும் போதாது. இப்படிப்பட்ட நகர்வை முன்னால் கொண்டுவரத்தான் மற்ற விதிகள்.

பயிற்சி

முதல் நகர்வின் மதிப்பு 5. இரண்டாவது நகர்வுக்கு எதிராளியின் மூன்று பதில்கள் நமக்குத் தரும் மதிப்பு 9, 7, 2. எந்தப் பதிலை முதலில் பார்க்க வேண்டும்? 2க்குப் பதில் 6 இருந்தால்?

விடை: 2ஐ முதலில் பார்த்தால் ஒரே பார்வையில் ஒதுக்கலாம். 9, 7, 2 என்று போனால் மூன்றையும் பார்க்க வேண்டும். 6 இருந்தால் எந்த வரிசையிலும் மூன்றையும் பார்த்தே ஆகணும், ஏனென்றால் அந்தப் பையில் சொத்தையே இல்லை. தேர்வில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்!